கடைசிப் பக்கத்தில் உறங்கும் செந்நாய்

சென்ற மாதம் எங்கள் பழைய பதிப்பகத்திலிருந்து இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். கிறிஸ்தவக் குழந்தைகளுக்கான படுக்கைநேரக் கதைகளையும் ஜெபங்களையும் கைபேசிக்கு ஏற்றபடி மாற்றும் பணி இப்போது அவர்களுடையது. நான் முப்பத்தொரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்த மேசையில்தான் அவர்களுடைய கணினி இருக்கிறதாம். மேசையின் ஒரு கால் ஆடுமே என்று கேட்டேன். இன்னும் ஆடுகிறது என்றார்கள். மனத்துக்கு நிறைவாக இருந்தது.

அவர்கள் கேட்க வந்தது வேறு. ‘பனியில் வெள்ளச்சி’ என்ற எங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திரையில் காட்டினார்கள்.

“மேடம், இந்த ஓரத்துல ஒரு செந்நாய் சுருண்டு படுத்துத் தூங்குது. கதையில அது ஆறாம் பக்கத்தோட போயிருது. அதுக்கப்புறம் அதைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்ல. எடுத்துரலாமா?”

எடுக்க வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள். வாயால் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவேன் என்பதால், எழுதித் தருவதாகச் சொல்லி அனுப்பினேன்.

நான் தமிழ் முதுகலை முடித்துவிட்டு, கல்லூரியில் வேலை கிடைக்கும்வரை ஆறு மாதம் என்று சொல்லிக்கொண்டு அந்தப் பதிப்பகத்தில் சேர்ந்தவள். கல்லூரி வேலையும் கிடைக்கவில்லை. அந்த ஆறு மாதமும் முடியவில்லை. முதல் மூன்று ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தினேன். அதாவது, விட்டுப்போன இடத்தில் புள்ளி வைத்தேன். கூடுதலாக விழுந்த இடத்தில் எடுத்தேன். நான்காம் ஆண்டு ஒரு கதை எழுத அனுமதித்தார்கள். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

அலுவலகம் போடியில், ஒரு ஏலக்காய்க் கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே காய் தரம் பிரிப்பார்கள். மேலே நாங்கள் வாக்கியம் தரம் பிரிப்போம். எங்கள் புத்தகங்களை எங்கே கொண்டுபோய்ப் பிரித்தாலும் ஏலக்காய் மணக்கும். வெளியூர் வாசகர் ஒருவர், இவ்வளவு வாசனையான மையை எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தார். “கீழ்வீட்டில் என்று எழுதிப் போடும்மா” என்றார் ஞானமுத்து ஐயா.

ஞானமுத்து ஐயா எங்கள் மேலாளர். தலைமைப் பதிப்பாசிரியரும் அவரே. ஒல்லியான உடல், வெள்ளை அரைக்கைச் சட்டை, அதன் பையில் ஒரு சிவப்புப் பென்சில். அவர் யாரையும் சத்தம்போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எழுதியது பிடிக்கவில்லை என்றால் தாளை நம் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். நாம் தவறைக் கண்டுபிடிக்கும்வரை துடைப்பார். அவருடைய கண்ணாடி அளவுக்குத் தெளிவான கண்ணாடி போடியில் வேறு யாரிடமும் இருந்திருக்காது. அதில் என் பங்கு கணிசமானது.

ஒரு கதை அச்சுக்குப் போகுமுன் நான்கு வாசிப்புகளைத் தாண்ட வேண்டும். முதல் வாசிப்பு உபதேசத்துக்கு, அதாவது கதை வேதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க; இரண்டாவது எழுத்துப்பிழைக்கு, மூன்றாவது ஓசைக்கு. இந்த மூன்றாவதை ஐயா எழுந்து நின்று, கீழே காய் பிரிக்கும் பெண்கள் கை நிறுத்திக் கேட்கும் அளவுக்கு உரக்க வாசிப்பார். நான்காவது கொட்டாவிச் சோதனை. படுக்கைநேரப் புத்தகம் தூக்கத்தை வரவழைக்கிறதா என்று பார்க்க, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டி, எந்தப் பக்கத்தில் எத்தனை பேர் கொட்டாவி விட்டார்கள் என்று நான் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், பிள்ளைகள் வீட்டில் கறிக்குழம்பும் சோறும் உண்டு வந்த பிறகு நடந்தது. எங்கள் புத்தகம் எதுவும் அதில் தோற்றதில்லை. அது ஏன் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

ஒரு முழுத்தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும். ஆகவே கதைக்கும் பதினாறு பக்கம். அதற்குள் என்ன எங்கே வர வேண்டும் என்பதற்கு ஐயா ஒரு சட்டம் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்: ஆறில் ஆபத்து, பதினான்கில் மீட்பு, பதினாறில் ஜெபம். ஆபத்து ஐந்தாம் பக்கத்தில் வந்தால் அவசரம். ஏழில் வந்தால் சோம்பல். கடைசிப் பக்க ஜெபத்தை மட்டும் எல்லாப் புத்தகத்துக்கும் அவரே எழுதுவார். எட்டு வரி. எட்டிலும் ஒரு சொல்லை யாரும் தொட முடியாது. ஒருமுறை நான், பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியவர்களின் பெயரை எழுதிக்கொள்ள அந்த ஜெபத்தின் நடுவில் ஒரு கோடு விடலாம் என்றேன். “கோடு போட்டால் பிள்ளை தெருவையே எழுதும். ஆண்டவருக்கு முகவரி தெரியும்மா” என்று முடித்துவிட்டார்.

‘பனியில் வெள்ளச்சி’ நான் எழுதிய கதை. மேட்டில் மேயப்போன வெள்ளாட்டுக் குட்டி மூடுபனியில் வழி தவறிவிடுகிறது. மேய்ப்பர் விளக்கோடு தேடிவந்து தோளில் தூக்கிப் போகிறார். ஆறாம் பக்கம் இப்படி இருந்தது: ‘பனி இறங்கியது. வெள்ளச்சி தன் தாயைக் கூப்பிட்டது. பதில் இல்லை. தூரத்தில் பசியோடு ஒரு செந்நாய் ஊளையிட்டது.’ ஐயா இதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கவில்லை. நான் பெற்ற மிகப் பெரிய பாராட்டு அது.

புத்தகம் வெளிவந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தாள். சேலைக்கு மேலே ஆண்கள் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் எங்கள் புத்தகம். மலைக்குக் காய் எடுக்கப் போகிறவள் என்பது பார்த்த உடனே தெரிந்தது. அந்த நேரத்தில் அவள் மலையில் அல்லவா இருக்க வேண்டும் என்பதும் உடனே தோன்றியது.

“இந்தப் புத்தகத்த யாரு எழுதுனது?”

நான்தான் என்றேன்.

“நல்லா இருங்கக்கா. உங்களால இன்னைக்கும் ஜீப்பு போயிருச்சு.”

அவள் பெயர் பாக்கியம். ஊர் சிலமலை. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். வீட்டில் அவளும் நாலரை வயது மகள் பிரின்சியும் மட்டும். காலை ஐந்து மணிக்கு முன்பே தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு வந்துவிடும். நாலு மணிக்கு எழுந்து சோறு பொங்கி, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவள் ஏற வேண்டும்.

“சபையில பரிசுன்னு இதக் குடுத்தாக. பிள்ளைக்குத் தினம் படிச்சுக் காட்டுங்க, ஜெபம் பண்ணித் தூங்க வைங்கன்னாக. நானும் படிக்கிறேன். ஆறாம் பக்கம் வரைக்கும்தான் என் கண்ணு தாங்குது. அங்கன நான் தூங்கிர்றேன். அவ தூங்க மாட்டேங்குறா.”

“ஏன்?”

“ஆடு காட்டுக்குள்ள நிக்குதாம். ஜெபமும் இன்னும் பண்ணலையாம். பத்து மணி வரைக்கும் என்னைய உலுக்கிக்கிட்டே இருக்கா. நாலு மணிக்கு நான் எங்கிட்டு எந்திரிக்க? மூணு நா ஜீப்ப விட்டுட்டேன். இன்னொரு நா விட்டா சீட்டு வேற ஆளுக்குன்னு டிரைவர் சொல்லிட்டாரு.”

ஐயா தம் மேசையிலிருந்து நிதானமாகக் கேட்டார். “முடிவை வாயால் சொல்லலாமேம்மா? ஆடு வீட்டுக்கு வந்துவிட்டது என்று?”

“சொன்னேன்ய்யா. ‘நீ சும்மா சொல்ற, தாளப் பாத்துச் சொல்லு’ங்குறா.”

“நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனால்?”

“தாள எண்ணி வச்சிருக்கா. ‘நடுவுல தாண்டிட்ட’ன்னு பிடிச்சுக்கிர்றா.”

“பகலில், ஞாயிற்றுக்கிழமை, முழுதாக வாசித்துக் காட்டிவிட்டால்?”

“அதையும் பண்ணியாச்சு. அது பகல் ஆடாம். ராத்திரிக்கு அது திரும்பக் காணாமப் போயிருதாம்.”

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக நான் சொன்னேன். பாக்கியம் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“நல்லாச் சொன்னீக. ஆடு உள்ள இருக்கையில புத்தகத்தக் குடுத்துட்டு வந்தேன்னா என் பிள்ள என்னைய வீட்டுக்குள்ள விடுவாளா?”

அவள் போன பிறகு ஐயா ஒரு தீர்ப்புச் சொன்னார். பிழை புத்தகத்தில் இல்லை, வாசிக்கும் முறையில் இருக்கிறது. நேரில் போய்ச் சரியாக வாசித்துக் காட்டினால் தீர்ந்துவிடும். மறுநாள் மாலையே அவரும் நானும் சிலமலைக்குப் பஸ் ஏறினோம்.

ஒற்றை அறை வீடு. கோரைப்பாய் விரித்தாயிற்று. பிரின்சி இரட்டைச்சடையோடு பாயின் நடுவில் சம்மணம் போட்டு, தீர்ப்பு வழங்கப் போகிறவளைப்போல் உட்கார்ந்திருந்தாள். முதலில் பாக்கியம் வாசிக்கட்டும் என்றார் ஐயா. அவள் சொல்லுக்கடியில் விரல் வைத்து வாசித்தாள். பச்சை ஏலக்காயின் கறை கறுத்து ஒட்டிய நகம். நான்காம் பக்கத்தில் குரல் தடித்தது. ஐந்தில் இரண்டு வரி விட்டுப்போயின. ஆறில், “தூரத்தில்... பசியோடு... ஒரு செந்நாய்... ஊளை...” என்ற இடத்தில் விரல் நின்றது. தலை சுவரில் சாய்ந்தது. நான்கு வாசிப்புகளில் ஒன்றிலும் எங்களுக்குக் கிடைக்காத உண்மையான தூக்கம்.

பிரின்சி எங்களைப் பார்த்தாள். “இம்புட்டுத்தான். இங்கன வந்தா எங்கம்மா போயிரும்.”

பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, “செந்நாய் ஊளை விடாது தாத்தா. சீட்டியடிக்கும். எங்கம்மா மேட்டுல கேட்டிருக்கு” என்றாள்.

ஐயா என்னைப் பார்த்தார். நான் ஓட்டுக்கூரையைப் பார்த்தேன்.

மீதியை ஐயா வாசித்தார். நன்றாகவே வாசித்தார். ஆடு வீடு சேர்ந்தது. பிள்ளையின் கண்ணும் சொருகியது. அத்துடன் அச்சில் உள்ள எட்டு வரியைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டுக்காகவும் நாலு வார்த்தை ஜெபிப்பது முறை என்று நினைத்துவிட்டார். பிள்ளைக்காக ஜெபித்தார், தாய்க்காக, திருப்பூரில் இருக்கும் தகப்பனுக்காக, தோட்டத்துக்காக, ஜீப்பு ஓட்டுகிறவர்களுக்காக ஜெபித்தார். பிறகு போடிமெட்டுப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் ஒப்படைக்கத் தொடங்கினார். பாதி மலை ஏறுவதற்குள் பிரின்சி ஒரு கண்ணைத் திறந்தாள். ஆமென் சொல்லும்போது இரண்டும் முழுதாகத் திறந்திருந்தன.

“தாத்தா, நாளைக்கும் வருவீகளா?”

ஐயா புத்தகத்தை மூடி அவள் அருகில் வைத்தார்.

“நீங்க வரலைன்னா நாளைக்கு ஆடு என்ன செய்யும்?”

திரும்பும் பஸ்சில் ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். போடிக்குள் நுழையும்போதுதான் வாயைத் திறந்தார். “ஏம்மா, நாம இத்தனை வருசமா முழிச்சிருக்கிற அம்மாமாருக்குப் புத்தகம் போட்டிருக்கோம்.”

“ஆமாங்கய்யா.”

“அப்படி இங்க எத்தனை பேரு இருக்காங்க?”

எனக்குத் தெரிந்து அவருடைய மனைவி ஒருவர் இருந்தார். அதை நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் தொடங்கிய விவாதம் மூன்று வாரம் நீண்டது. பாக்கியத்தின் சீட்டு அதுவரை தாங்க வேண்டுமே என்ற கவலை எனக்கு. அதனால் மாலையில் பிள்ளைக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். வாரத்தில் ஆறு நாள் சிலமலைக்குப் பஸ். கண்டக்டர் என்னை அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள் என்றே நினைத்திருந்தார்.

மறுபதிப்புக்காக நான் கேட்டது இதுதான்: எந்தப் பக்கத்தில் நிறுத்தினாலும் கதை பாதுகாப்பாக நிற்க வேண்டும், எந்தப் பக்கத்திலும் ஜெபம் இருக்க வேண்டும்.

“ஒவ்வொரு பக்கத்திலும் மீட்பு வந்துவிட்டால் ஆபத்துக்கு என்ன மரியாதை?” என்றார் ஐயா.

“ஆபத்து இருக்கட்டும் ஐயா. மேய்ப்பருடைய விளக்கும் அதே பக்கத்தில் இருக்கட்டும். ஒன்றாம் பக்கத்தில் தூரத்துப் பொட்டாக. ஆறில் கொஞ்சம் கிட்டத்தில். பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது, வெளிச்சம் தெரியும்.”

“ஜெபம்? பதினாறு பக்கத்திலும் எட்டு வரியா?”

தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பணிக்காலம் முழுவதிலும் நான் செய்த ஒரே துடுக்குத்தனம் அதுதான். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்துத் தம்முடைய ஜெபத்தின் முதல் வரியைத் தாமே அடித்தார். எட்டு வரி இரண்டு வரியாகக் குறையப் பதினொரு நாள் ஆயிற்று. ஒவ்வொரு வரிக்கும் துக்கம் காத்தார் என்றே சொல்லலாம். மிஞ்சிய இரண்டு வரி இவை:

‘எங்கள் விளக்கை அணைக்கப்போகிறோம், ஆண்டவரே;
உம்முடைய விளக்கை நீர் அணைக்காதிரும்.’

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இதைப் போட்டோம். எழுத்துத் தெரியாத பிள்ளையும் இரண்டு நாளில் மனப்பாடமாகச் சொல்லிவிடும். ஆறாம் பக்கத்துச் செந்நாய் இப்போது ஊளையிடாமல் சீட்டியடித்தது. எல்லாம் முடிவான அன்று மாலை ஐயா ஒரு அட்டையில் எழுதித் தம் பழைய சட்டத்தின் மேலேயே ஒட்டினார்: ‘எந்தப் பக்கத்தில் தாய் தூங்கினாலும் பிள்ளை பத்திரமாக இருக்க வேண்டும்.’ பிற்காலத்தில் அலுவலகத்துக்கு வந்த சிலர் அதை வேதவசனம் என்று எண்ணி எந்த அதிகாரம் என்று கேட்டதுண்டு.

படங்கள் ஒட்டிய மாதிரிப் பிரதியோடு இருவரும் மறுபடி சிலமலைக்குப் போனோம். இம்முறை கொட்டாவிகளை எண்ண நான் தாள் கொண்டுபோகவில்லை. ஐயா கதவோரத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பாக்கியம் அன்று மூன்றாம் பக்கத்திலேயே உறங்கிவிட்டாள். பிரின்சி தாயின் மடியிலிருந்து புத்தகத்தை மெல்ல உருவினாள். பக்கத்தின் மூலையில் இருந்த விளக்குப் பொட்டின் மேல் விரலை வைத்தாள். “வந்துக்கிட்டிருக்காரு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண்ணை மூடி இரண்டு வரியையும் சொன்னாள். தாயின் சார்பிலும் ஒரு தடவை சொன்னாள். படுத்துக்கொண்டாள். நானும் ஐயாவும் மூச்சுக்கூட விடவில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“தாத்தா, செந்நாய் சாப்பிட்டுச்சா?”

பசியோடு என்று எழுதியவள் நான். ஆகையால் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“சாப்பிட்டுச்சு” என்றார் ஐயா. யாரையும் கேட்காமல், எந்த வாசிப்புக்கும் உட்படுத்தாமல் சொன்னார்.

“என்னத்த?”

“ஏதோ கிடைச்சதை.”

“ஆடா?”

“ஆடு இல்ல, ஆடு இல்ல.” அவர் நெற்றி வியர்த்ததை அன்றுதான் பார்த்தேன். “காட்டுப்பன்னி.”

பிரின்சி யோசித்தாள். “பன்னி பாவமில்லையா?”

நாற்பது ஆண்டுகள் உபதேசம் சரிபார்த்த மனிதர், துணை தேடுவதுபோல் தூங்குகிற பாக்கியத்தைப் பார்த்தார். அங்கே உதவி இல்லை. என்னிடமும் இல்லை. கடைசியில் பிரின்சியே எங்கள் இருவர் மேலும் இரக்கப்பட்டாள். கையைக் கூப்பி, “ஆண்டவரே, செந்நாய்க்கும் யாராச்சும் சோறு வைக்கணும். அதுவும் தூங்கணும். ஆமென்” என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இம்முறை எழவில்லை. மணி எட்டுகூட ஆகவில்லை.

மறுநாள் விடியுமுன் என் கைபேசி அடித்தது. ஜீப்பு இரைச்சலும் பெண்களின் சிரிப்புமாக ஒரு குரல்: “அக்கா, ஏறிட்டேன்க்கா. சொல்லணும்னு தோணுச்சு. தூங்குங்க.” மணி ஐந்துகூட ஆகவில்லை. அன்று அந்தப் புத்தகத்தால் தூக்கம் கெட்டவள் நான் ஒருத்திதான். பாக்கியத்தின் சீட்டு அதன் பிறகு யாருக்கும் போகவில்லை.

அலுவலகம் போனபோது ஐயா எனக்கு முன்பே வந்திருந்தார். மாதிரிப் பிரதியின் பதினாறாம் பக்கம் என் மேசையில் திறந்து கிடந்தது. அதன் ஓரத்தில், ஓவியம் அறவே வராத கையால், சிவப்புப் பென்சிலில் சுருண்ட ஏதோ ஒன்று வரைந்திருந்தது. பக்கத்தில், ‘ஓவியருக்கு: இது நாய். தூங்குகிறது. வயிறு நிறைந்திருக்க வேண்டும்’ என்று குறிப்பு. உபதேச வாசிப்பில் இதற்கு என்ன காரணம் காட்டுவது என்று கேட்டேன். “கேட்டா என்கிட்ட அனுப்பு” என்றார். யாரும் கேட்கவில்லை.

கைபேசியில் வாசிக்கும் குரல் தூங்காது என்று அந்தப் பெண்கள் என்னிடம் சொன்னார்கள். சரிதான். ஆனால் அந்தக் கைபேசி அம்மாவினுடையது. நாலு மணிக்கு அவளை எழுப்ப வேண்டியதும் அதுதான். சார்ஜ் தீர்ந்துவிடக்கூடாதே என்று எந்தப் பக்கத்தில் அவள் அதை அணைப்பாளோ, யார் கண்டார்கள். ஆகவே விளக்கு எல்லாப் பக்கத்திலும் இருக்கட்டும்; இரண்டு வரியும் இருக்கட்டும்.

செந்நாயை எடுக்காதீர்கள். அது சாப்பிட்டுவிட்டுத்தான் தூங்குகிறது. என்ன சாப்பிட்டது என்று மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம். ஞானமுத்து ஐயா இப்போது மதுரையில் மகள் வீட்டில் இருக்கிறார், அவரிடமும் கேட்க வேண்டாம். அவருக்கு இன்னும் வியர்க்கும்.